லார்பியின் வலது காது

மேடையில் நோயாளிக்குப் பக்கத்தில் என்ன ஒலிக்கருவி இருந்தது என்று கேட்டு, பதில் எழுத மூன்று வரி இடம் விட்டிருக்கிறீர்கள், டாக்டர். மூன்று வரி போதாது. தாளின் பின்பக்கம் காலியாக இருக்கிறது, அதிலும் எழுதுகிறேன். அதுவும் தீர்ந்தால் உங்கள் நர்ஸிடம் இன்னும் தாள் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். நல்ல பெண். லார்பி என்னை 'கூயா, கூயா' என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, உறவுமுறை என்ற கட்டத்தில் என்னைச் சகோதரன் என்றே எழுதிவிட்டாள். நான் திருத்தவில்லை.

ஆம்ப்ளிஃபயர்களைப் பற்றி வெளியில் நிறையத் தவறான பேச்சு உண்டு. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் முப்பது வருஷமாக ஓரான் நகரத்தில் கல்யாணங்களுக்கு, தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிதார் வாசிக்கிறவன். என் கிதார் தனியாக இருந்தால் கொசு ரீங்காரம்தான். அதை மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஆம்ப். அதில் வகுப்புகள் உண்டு. ஏ வகுப்பு, வீட்டில் ஆள் இல்லாதபோதும் எல்லா விளக்கையும் எரியவிட்டிருப்பது போல. வாசிக்காமல் இருந்தாலும் முழு மின்சாரத்தையும் குடித்துச் சூடாகிக்கொண்டே இருக்கும். பேஸுக்குத் தேவையான பலத்தில் அப்படி ஒன்றைச் செய்தால் அதைத் தூக்க கிரேன் வேண்டும். ஏபி வகுப்பில் இரண்டு பேர் வேலையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அலையின் மேல்பாதி ஒருவனுக்கு, கீழ்பாதி இன்னொருவனுக்கு. கைமாறுகிற இடத்தில் மட்டும் இருவரும் கொஞ்சம் சேர்ந்து பிடித்துக்கொள்வார்கள். என் பழைய வால்வு ஆம்ப் அந்த ரகம். முப்பத்தெட்டு கிலோ. டி வகுப்பு அலையைச் சுமப்பதே இல்லை. அது நொடிக்குப் பல லட்சம் தடவை திறந்து மூடுகிற கதவு. எவ்வளவு நேரம் திறந்திருந்தது, எவ்வளவு நேரம் மூடியிருந்தது என்பதுதான் கடைசியில் ஒலியாக மாறுகிறது. வீணாகிற சூடு மிகக் குறைவு. அதனால் எண்ணூறு வாட்டை மூன்று கிலோ பெட்டிக்குள் அடைத்துவிடலாம். டி என்றால் டிஜிட்டல் என்று கடைக்காரர் சொன்னார். அது சரியல்ல. ஏ, பி, சி தீர்ந்துபோன பிறகு வந்த எழுத்து, அவ்வளவுதான்.

டி வகுப்புதான் காதைக் கெடுத்தது என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். வகுப்பு காதைக் கெடுக்காது. பெட்டியை எங்கே வைக்கிறோம், எவ்வளவு திறக்கிறோம் என்பதுதான் கெடுக்கும்.

இனி லார்பி. நாங்கள் வாசிப்பது லல்லா ஸூலிகாவின் குழுவில். அவர்தான் பாடகி, அவர்தான் தலைவி. வயலினுக்கு லார்பி வந்து சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. உட்கார்ந்து, வயலினை முழங்கால்மேல் நிமிர்த்திவைத்து வாசிப்பான். மெலிந்த உடம்பு, எப்போதும் சட்டைப் பையில் வறுத்த கடலை. அவனைப்போலக் கேட்கத் தெரிந்தவனை நான் பார்த்ததில்லை. வேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பின் சக்கரத்தில் ஏதோ கழன்றிருக்கிறது என்று சொல்லி நிறுத்தச் சொன்னான். பார்த்தால் நான்கு நட்டில் ஒன்று இல்லை. என் கிதாரின் மூன்றாவது தந்தி மயிரிழை இறங்கினாலும் அவன் புருவம் ஏறும். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டான். புருவம் மட்டும்தான்.

அவன் சேர்ந்த மூன்றாம் மாதம், மொஸ்தகானெமில் ஒரு கல்யாணம் முடித்து மாலை வெயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். டிரைவர் ஒரு பழைய கேசட்டைப் போட்டான். ஓரானில் அந்தப் பாட்டைத் தெரியாதவர்கள் இல்லை. பாடியவர் எப்போதோ கடல் தாண்டிப் போய்விட்டார். பாட்டைவிட அதன் அடியில் ஓடும் பேஸ்தான் பெயர் வாங்கியது. டாக்சிக்காரர்கள் ஸ்டியரிங்கில் விரலால் அதைத்தான் தட்டுவார்கள். அட்டையில் பேஸ் கிதார் என்ற இடத்தில் குவிதர் என்று என் பெயர் இருக்கிறது. எனக்குக் கல்யாணங்கள் வந்தது அந்தப் பெயரால். என் மனைவியின் வீட்டார் பெண் கொடுத்ததும் அந்தப் பெயரைக் கேட்டுத்தான்.

லல்லா ஸூலிகா முன் சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். லார்பி என் பக்கம் குனிந்தான்.

"கூயா, இது உன் கை இல்லையே."

"அட்டையில பேர் பாரு," என்றேன்.

"பேர் கெடக்கட்டும். இந்த ஆளு ஒவ்வொரு சுரத்தையும் விடறப்ப ஒரு மூச்சு விடறான். சின்ன மூச்சு. அதுலதான் ஜனங்க ஆடறாங்க. நீ விடறதே இல்லடா. அடுத்தது வர்ற வரைக்கும் புடிச்சுக்கிட்டே இருக்க."

அவன் என் முழங்காலில் தட்டினான்.

"தப்பாச் சொல்லல. நீயும் நல்லாத்தான் வாசிக்கற. இதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியம். காதுல விழுந்துச்சு, வாயி சும்மா இருக்கல."

அவன் சொன்னது உண்மை. வாசித்தது நூர்தீன் என்ற என் நண்பன். பதிவு முடிந்த வாரமே மார்செய்க்குப் போனான். அடுத்த வருஷம் அங்கே ஒரு கட்டட வேலையில் சாரம் சரிந்து இறந்துபோனான். பதிவு நடந்த அன்று ஆம்பைக் கொண்டுபோய் இறக்கியது நான். திரும்ப எடுத்துவரப் போனதும் நான். ஸ்டூடியோக்காரர் என்னைப் பார்த்து, "உன் பேரை எப்படி எழுதறது?" என்று கேட்டார். சொன்னேன். ஆம்ப் என்னுடையது, டாக்டர். அந்த ஒலியில் பாதி ஆம்பின் ஒலி. அப்படிப் பார்த்தால் அந்தப் பெயரில் பொய் பாதிதான்.

லார்பி சத்தியத்தைக் காப்பாற்றுவான் என்றுதான் நினைத்தேன். அவன் சொல்லிவிடுவானோ என்ற பயம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. என் சிரமம் வேறு. அவன் தினமும் கேட்டுக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்குக் கல்யாணம் அந்தப் பாட்டை விருந்தாளிகள் கேட்பார்கள். நான் வாசிப்பேன், என்னிடமிருந்து இரண்டு அடி தள்ளி அந்தக் காது உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு சுரத்தின் கடைசியிலும் அது காத்திருப்பது எனக்குத் தெரியும். சுரத்தை விட முயற்சி செய்தேன். விட்டால் தாளம் தடுமாறியது. பிடித்தால் அவன் புருவம் ஏறுகிறதா என்று கண் அந்தப் பக்கம் போனது. வீட்டில் சோறு தின்னும்போதும் அந்தப் புருவம்தான் கண்ணில் நின்றது. இப்படி ஐந்து வருஷம் வாசித்தேன். பொறுமை இல்லாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

பிறகு முதுகு போயிற்று. எனக்கும் போயிற்று, லார்பிக்கும் போயிற்று. ஏனென்றால் அந்த முப்பத்தெட்டு கிலோவை இத்தனை வருஷமும் மண்டபப் படிகளில் என்னோடு சேர்ந்து தூக்கியது அவன்தான். வயலின்காரன் கையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பார்கள். அவன் சிரிப்பான். நான் டி வகுப்பு ஆம்ப் வாங்கிய அன்று எனக்கு வேறு எண்ணம் எதுவும் இருக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். முதுகுக்காகத்தான் வாங்கினேன். லார்பி அதை ஒரு கையால் தூக்கி, தலைக்குமேல் காட்டி, மண்டபத்து வாசலில் ஒரு சுற்று ஆடினான்.

"பாருங்க லல்லா! மக்ரூத் மிட்டாய் டப்பா கனம்கூட இல்ல. நம்ம முதுகு பொழச்சுது."

"வயலினை வெச்சிட்டு அதையே வாசி," என்றார் லல்லா ஸூலிகா.

ஆம்பை நான் சொன்ன இடத்தில் அவனே கொண்டுபோய் வைத்தான்.

எண்ணம் வந்தது ஒரு தாளால். ஆம்ப் பெட்டிக்குள் ஒரு எச்சரிக்கைத் தாள் இருந்தது. எல்லோரும் தூக்கி எறிவது. எத்தனை டெசிபெல் சத்தத்தில் எத்தனை மணி நேரம் இருக்கலாம் என்று அட்டவணை. தொண்ணூறுக்கு எட்டு மணி. நூற்றைந்துக்கு ஒரு மணி. நூற்றுப்பத்துக்கு அரை மணி. அதை மடித்து கிதார் உறைக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் வைத்துக்கொள்கிறேன் என்று அப்போது என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பழைய வால்வு ஆம்பில் ஒரு நாகரிகம் உண்டு. அளவுக்கு மேல் கேட்டால் அது உறுமும், குரல் தடிக்கும், போதும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். புதியது உறுமாது. எண்ணூறு வாட் கையிருப்பில் இருக்கும்போது, எவ்வளவு திறந்தாலும் கண்ணாடிபோல் சுத்தமாகவே கேட்கும். கத்தாமல் சத்தம் போடும். பக்கத்தில் இருப்பவன், சத்தம் அதிகம் என்று சொல்ல மாட்டான். இன்று தலை வலிக்கிறது என்பான்.

ஸ்பீக்கர் பெட்டியை இரண்டு சோடா கிரேட்டின் மேல் ஏற்றினேன். தரையில் வைத்தால் மேடைப் பலகை அதிர்ந்து பேஸ் குழம்பும் என்று சொன்னேன். அது உண்மையும்கூட. நின்று வாசிக்கிற எனக்கு அது இடுப்பு உயரம். உட்கார்ந்திருக்கிற லார்பிக்கு வலது காது உயரம். பெட்டியில் இரண்டு பெரிய ஸ்பீக்கரோடு, கூர்மையான சத்தங்களுக்கென்று ஒரு சிறிய கொம்பு உண்டு. அதன் திருகு பின்பக்கம் இருக்கும், யார் கண்ணிலும் படாது. அதை முழுக்கத் திருப்பினேன். புது எஃகுத் தந்தி மாட்டினேன். அந்தக் கொம்பு நேராகத்தான் வீசும். அதை மண்டபத்துக்குக் காட்டவில்லை. முன்னால் பாடிய லல்லா ஸூலிகாவோ, அந்தக் கோடியில் தர்புக்கா மேளம் தட்டியவரோ ஒருநாளும் குறை சொல்லாததற்கு அதுதான் காரணம். அவன் காதைச் சோதித்து நீங்கள் வரைந்து காட்டிய கோட்டில் ஓரிடத்தில் பள்ளம் விழுந்திருந்ததே, அந்தப் பள்ளம் அந்தக் கொம்பினுடையது.

லார்பி மாலைத் தொழுகைக்கு எழுந்து போன ஒரு இடைவேளையில், போனில் அளக்கும் செயலியை வைத்து அவன் நாற்காலியில் உட்கார்ந்து, கிதாரை மடியில் போட்டு வாசித்துப் பார்த்தேன். நூற்றுப்பன்னிரண்டு. கல்யாணம் மூன்று மணி நேரம். கோடையில் வாரத்துக்கு நான்கு. நான் மருந்துக் கடையில் நீச்சல்காரர்களுக்கு விற்கும் தோல் நிற அடைப்பான் வாங்கி இரண்டு காதிலும் வைத்துக்கொண்டேன். தொழில் செய்கிறவன் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவனுடைய தகப்பனார் நாற்பது வயதிலேயே காது கேட்காமல் போனவர். அந்த ரத்தம் தனக்கும் இருக்குமோ என்று ஒருமுறை கரன்டிகா தின்றுகொண்டே லார்பி என்னிடம் சொல்லியிருந்தான். இந்தத் தகவல் உங்கள் தாளில் இல்லை. சேர்த்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அவன் கேட்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை கேட்டான்.

"கூயா, கொஞ்சம் கொறச்சுக்கயேன். வீட்டுக்குப் போனா காதுக்குள்ள யாரோ பால் காய்ச்சற மாதிரி இருக்கு."

"பின்னாடி வரிசைப் பொம்பளைங்களுக்குக் கேக்கணுமில்ல?"

"அது சரி. ஆனா காது…"

"ஆம்பைத் தொட்டுப் பாரு," என்றேன். தொட்டான். "சூடு இருக்கா? இது டி வகுப்பு. பழசு மாதிரி எரியறது இல்ல. ஜில்லுன்னு இருக்கறது காதை எப்படிச் சுடும்?"

அவன் இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். ஆம்ப் விஷயத்தில் என் வார்த்தைதான் அவனுக்குச் சட்டம். கொஞ்ச நாள் பஞ்சு வைத்துப் பார்த்தான். பஞ்சு வைத்தால் தன் சுருதியே தனக்குத் தெரியவில்லை என்று எடுத்துவிட்டான். சுருதி பிசகுவதைவிட வலியே மேல் என்றான். அவனுக்கு அப்படி ஒரு நேர்மை.

ஒன்றரை வருஷத்தில் புருவம் ஏறுவது நின்றது. அந்த வாரங்களில் நான் நன்றாகத் தூங்கினேன். என் மனைவிகூட, முகம் தெளிந்திருக்கிறது என்றாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஒரு வியாழக்கிழமை, வாத்தியங்களை இறக்கிக்கொண்டிருந்தபோது லார்பி என் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனான்.

"யார்கிட்டயும் சொல்லாத. வலது காது சரியா இல்ல. நீ வாசிக்கறது எனக்கு வந்து சேரவே மாட்டேங்குது. பேஸ் இல்லாம நான் எதைப் புடிச்சுக்கிட்டு நிக்கறது? இன்னிலேர்ந்து நீ என் இடது பக்கம் வந்துடு, கூயா. பெட்டியையும் இந்தப் பக்கம் தூக்கி வெச்சுடு. அந்தக் காது நல்லாத்தான் இருக்கு."

நீங்கள் அன்று என்ன கேட்டீர்கள் என்று நினைவிருக்கிறதா? வலது காது போய் ஒன்றரை வருஷம் கழித்து இடது காது ஏன் போயிற்று, நோயின் போக்கு இப்படி இருக்காதே என்றீர்கள். காரணம் இதுதான். அவனே கேட்டான், நான் இடம் மாறினேன். கிரேட்டுகளை அவனே தூக்கி வைத்தான். உயரம் சரியா என்று உட்கார்ந்தும் பார்த்தான்.

போன ஜூனில், ஒரு மருந்துக் கடைக்காரர் மகள் கல்யாணம். பகல் விருந்து முடிந்து பெண்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். லார்பி தனியாக ஆலாபனைபோல ஒன்று வாசித்துத் தொடங்க வேண்டும். பிறகு நாங்கள் சேர்ந்துகொள்வோம். கண்ணை மூடி ஆரம்பித்தான். முதல் சுரமே கால் பங்கு கீழே இருந்தது. இரண்டாவது இன்னும் கீழே. முன் வரிசையில் ஒரு பெண் சிரிப்பை அடக்க முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டாள். மணப்பெண் தன் தாயைப் பார்த்தாள். லல்லா ஸூலிகா திரும்பி, தர்புக்காவை ஆரம்பிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். தர்புக்கா ஆரம்பித்தது, நான் சேர்ந்தேன், அவர் பாடவும் தொடங்கினார். லார்பி நிறுத்தவில்லை. தாளம் தொடங்கியதே அவனுக்குத் தெரியவில்லை. வில்லை முழு நீளத்துக்கு இழுத்து, முகத்தில் ஒரு சந்தோஷத்தோடு, தனக்கு மட்டும் தெரிந்த எதையோ வாசித்துக்கொண்டிருந்தான். கடைசியில் லல்லா ஸூலிகா போய் அவன் வில் பிடித்த கையின் மேல் தன் கையை வைத்தார். அவன் கண்ணைத் திறந்து, எங்கள் கைகள் ஏற்கெனவே அசைந்துகொண்டிருப்பதைப் பார்த்தான்.

எனக்கு அவன் மேல் கோபமே இருந்ததில்லை, டாக்டர். அன்று என் கண்ணில் நீர் வந்தது.

அவனை வீட்டில் விட்டுவிட்டு வேனில் திரும்பும்போது லல்லா ஸூலிகா முன் சீட்டிலிருந்து என் பக்கம் திரும்பினார். சொன்னார்:

"உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல விட மாட்டான் அவன். அந்தக் கேசட்ல வாசிச்சது நீ இல்லன்னு எனக்கு எட்டு வருஷமாத் தெரியும். அன்னிக்கு முன் சீட்டுல நான் தூங்கல. மறுநாள் அவன்கிட்டக் கேட்டேன். ஆமான்னான். ஆனா குவிதர்கிட்டக் கேட்டுடாதீங்க லல்லா, அவன் ஒடஞ்சு போயிடுவான், இன்னும் ரெண்டு வருஷம் என் பக்கத்துல ஒக்காந்தா அவனுக்கே அந்தக் கை வந்துடும்னான்."

"எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தர்புக்காக்காரனுக்குத் தெரியும். டிரைவருக்கும் தெரியும். யாருக்கு என்ன வந்துது? பாட்டு நல்லாருக்கு, நீயும் சோத்துக்கு வாசிக்கற."

எனக்கு உடனே தோன்றியது, லார்பி சத்தியத்தை மீறியிருக்கிறான் என்பதுதான். சிறிது நேரம் நிம்மதியாகக்கூட இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த நிம்மதி போய்விட்டது. அதன்பிறகு வரவில்லை.

அவன் இப்போது குழுவில் இல்லை. வேறு வயலின்காரன் வந்திருக்கிறான், அவன் என்னைக் கவனிப்பதே இல்லை. நான் அடைப்பானை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு சுரத்தையும் வாசித்துவிட்டு, அது முடிகிற இடத்தில் வலது பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். அங்கே யாராவது ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் கேட்பதற்கு ஆள் இல்லை. மண்டபம் நிறைய ஜனம் குலவையிடும்போதும் அந்த ஒரு நாற்காலி மட்டும் எனக்கு மௌனமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அவன் வீட்டுக்குப் போகிறேன். அவன் மனைவி ஹலீமா காபி கொடுக்கிறாள். லார்பி என் உதட்டைப் பார்த்துக்கொண்டே, தெருவுக்குக் கேட்கும் குரலில் பேசுகிறான். என்னைத் தவிர யாரும் வருவதில்லை என்கிறான். உங்களிடம் அவனை டிராமில் அழைத்துவந்ததற்கு என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான்.

இதையெல்லாம் நான் செய்தேன். தெரிந்து செய்தேன், அட்டவணை பார்த்துச் செய்தேன், இரண்டு காதுக்கும் செய்தேன். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதை யாரிடம் கொடுக்க வேண்டுமோ கொடுங்கள், நான் எங்கும் போக மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவன் தலைக்குள் வைக்கப்போகும் கருவியில் பேச்சு ஓரளவு தெளிவாகக் கேட்கும், இசை சரியாகக் கேட்காது, அதிலும் தாழ்ந்த சுரங்கள் மங்கலாகவே இருக்கும் என்று ஹலீமாவிடம் சொன்னீர்கள். அதைப் பேச்சுக்கு ஏற்றபடி திருப்பி வைக்காமல், தாழ்ந்த சுரங்களுக்கு ஏற்றபடி திருப்பி வைக்க முடியுமா? பேச்சை அவன் உதட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறான், ஹலீமாவுக்கும் பழகிவிட்டது. நான் ஒரு வருஷமாகத் தினமும் காலையில் பயிற்சி செய்கிறேன். சுரத்தை விடுவது இப்போது எனக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறேன். வந்துவிட்டதா என்று சொல்லத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

இதை அவனுக்காகத்தான் கேட்கிறேன், டாக்டர்.